பாராசெக்ட் வளரவில்லை, செத்துப்போனது! போகிமானுக்குள் ஒளிந்திருக்கும் நிஜப் பூச்சி

(திரையில்: பாராஸ், பாராசெக்ட் படங்கள் பக்கத்தில் பக்கத்தில்)

இந்த இரண்டு படங்களிலும் கண்களை மட்டும் பாருங்கள். இடது பக்கம் பாராஸ், போகிமான் வீடியோ விளையாட்டில் வரும் ஒரு பூச்சி உயிரினம். முதுகில் இரண்டு சின்னக் காளான்கள், கண்ணுக்குள் கருவிழி. வலது பக்கம், லெவல் 24-ல் அது மாறுகிற பாராசெக்ட். முதுகு முழுக்க ஒரே காளான் குடை. கண்? வெறும் வெள்ளை. கருவிழியே இல்லை.

மற்ற போகிமான்கள் பரிணாமம் அடைந்தால் வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். இங்கே அந்தப் பூச்சி போய்விட்டது. காளான்தான் அதன் உடம்பை ஓட்டிக்கொண்டிருக்கிறது. இது ரசிகர்கள் கட்டிவிட்ட கதை என்று நினைக்காதீர்கள். ஒட்டுண்ணிக் காளான் பூச்சியை ஆட்கொண்டுவிட்டது என்று விளையாட்டின் போகிடெக்ஸிலேயே, அதாவது ஒவ்வொரு போகிமானையும் பற்றிய குறிப்பேட்டிலேயே இருக்கிறது. நம் ஊர்க் கதைகளில் சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்வார்கள் இல்லையா, அதை இங்கே ஒரு காளான் செய்கிறது.

இது உண்மையில் நடக்குமா? நடக்கிறது. அதைவிடப் பயங்கரமாகவும் நடக்கிறது. வீடியோவைக் கடைசி வரை பாருங்கள், ஏனென்றால் பாராஸுக்கு மூலமான அதே நிஜப் பூச்சியிலிருந்து இன்னொரு போகிமானும் வந்திருக்கிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

பின்னணி சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1996 பிப்ரவரி 27, ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் முதல் போகிமான் விளையாட்டுகள் வந்தன. உருவாக்கியவர் சதோஷி தஜிரி. சின்ன வயதில் டோக்கியோ பக்கம் மச்சிடாவில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். சரி, பூச்சிக்கு வருவோம்.

(திரையில்: பாராஸின் முன்னங்கால்கள், நெருக்கமாக)

பாராஸ் என்ன பூச்சி? நண்டு என்று பலர் நினைக்கிறார்கள், முன்னால் கொடுக்கு இருப்பதால். ஆனால் மண்ணைத் தோண்டி மரத்தின் வேரை உறிஞ்சும் என்று போகிடெக்ஸ் சொல்கிறது. மண்ணுக்குள் இருந்துகொண்டு வேரை உறிஞ்சுகிற, முன்னங்கால் கொடுக்கு மாதிரி தடித்த பூச்சி ஒன்று உண்டு. சில்வண்டின் இளம்பூச்சி! கோடையில் மலைப்பக்கம் போனால் காது அடைக்கிற அளவுக்குக் கத்துமே, அந்தச் சில்வண்டு, இறக்கை முளைப்பதற்கு முன்னால்.

அடுத்து அந்தக் காளான். அதன் பெயரையும் விளையாட்டே சொல்கிறது: தோச்சூகாசோ. 'குளிரில் பூச்சி, கோடையில் புல்' என்று பொருள். பூச்சியின் உடம்புக்குள் புகுந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தின்று, கடைசியில் உடம்பைக் கிழித்துக்கொண்டு மேலே முளைக்கும் காளான் வகை. இமயமலையில் இதன் இன்னொரு வகை அந்துப்பூச்சிப் புழுவின் தலையிலிருந்து முளைக்கிறது. உத்தராகண்டில் கீடா ஜடி, நேபாளத்தில் யார்சாகும்பா. பனி உருகியதும் புல்வெளியில் தவழ்ந்து தவழ்ந்து தேடி எடுப்பார்கள், விலை அப்படி. ஜப்பானில் சில்வண்டின் இளம்பூச்சி மேலேயே முளைக்கிற வகை ஒன்று இருக்கிறது. அதற்கு செமிடாகே என்று பெயர். செமி என்றால் சில்வண்டு, டாகே என்றால் காளான். அவ்வளவுதான், பாராஸ் கிடைத்துவிட்டது.

எறும்பைப் பிடிக்கும் காளானை வைத்து 2013-ல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற வீடியோ விளையாட்டு வந்தபோது உலகமே வியந்தது. அதற்கு 17 வருடம் முன்னாலேயே, குழந்தைகள் கையில் இருந்த சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில் பாராசெக்ட் இருந்தது!

இந்த 17 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சில சில்வண்டுகள் மண்ணுக்குள்ளேயே 17 வருடம் இருக்கின்றன. பிறகு ஒரே சமயத்தில் கோடிக்கணக்கில் மேலே வருகின்றன. வெளிச்சத்தைப் பார்த்தபின் சில வார வாழ்க்கைதான். அந்தச் சில வாரத்துக்காக அங்கேயும் ஒரு பூஞ்சை காத்திருக்கிறது, பெயர் மசோஸ்போரா.

இந்த இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மசோஸ்போரா தொற்றிய சில்வண்டின் பின்பாகம் கழன்று விழுந்துவிடுகிறது. அந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி பூஞ்சை விதைத்தூள் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இனப்பெருக்க உறுப்பே போய்விட்டது. ஆனாலும் பூச்சி சாவதில்லை. பறக்கிறது, நடக்கிறது, துணை தேடுகிறது, போகிற வழியெல்லாம் தூளைக் கொட்டிக்கொண்டே போகிறது. பூஞ்சை தொற்றிய ஆண் பூச்சிகளில் சில, பெண் பூச்சி மாதிரியே இறக்கையைச் சொடுக்கிக் காட்டுகின்றன. பெண் கூப்பிடுகிறது என்று நம்பி நல்ல ஆண் பூச்சி கிட்டே வரும். அதற்கும் தொற்றிவிடும்.

2019-ல் ஆய்வாளர்கள் இந்தப் பூச்சிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். கிடைத்தது கேதினோன், மனிதர்களுக்கு வெறியேற்றுகிற ஊக்கமருந்து வகை. பாதி உடம்பு போன பூச்சி களைக்காமல் ஓடுவதற்கு அது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், பாராசெக்டைவிட இதுதான் பயங்கரம். பாராசெக்டில் பூச்சி போய்விட்டது என்றாவது தெரிகிறது. இங்கே பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா, இல்லையா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

(திரையில்: நின்காடா)

இப்போது, நான் சொன்ன இன்னொரு போகிமான். 2002-ல் ரூபி, சஃபயர் பதிப்புகளில் அதே சில்வண்டு இளம்பூச்சி, நின்காடா என்ற பெயரில் திரும்ப வந்தது. பாராஸுக்குக் கிடைக்காத வாழ்க்கை இதற்குக் கிடைக்கிறது. காளான் இல்லை, லெவல் 20-ல் இறக்கை முளைத்து நின்ஜாஸ்காகப் பறந்துவிடுகிறது. ஆனால் அந்த நேரம் உங்கள் பார்ட்டியில், அதாவது நீங்கள் கூட வைத்திருக்கும் போகிமான் கூட்டத்தில், ஓர் இடம் காலியாக இருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கும். அதுதான் ஷெடின்ஜா. (பின்னால் வந்த பதிப்புகளில் கையில் போகிமானைப் பிடிக்கிற பந்து, போகிபால், ஒன்றும் வேண்டும்.) நான் முதல் தடவை பார்த்தபோது விளையாட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

ஷெடின்ஜா யார் என்றால், நின்காடா உரித்துப் போட்ட சட்டை! பாம்பு சட்டை உரிக்கும் என்போமே, அதேதான். அது சிறகடிக்காமல் மிதக்கிறது, மூச்சு விடுவதில்லை, தலைக்கு மேல் ஒரு வளையம். ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, எந்த லெவலிலும் 1-தான். சில்வண்டு விட்டுப்போன கூட்டுக்கு ஜப்பானிய மொழியில் உத்சுசெமி என்று ஒரு பழைய சொல் உண்டு. நின்ஜா தன் உடையை மட்டும் விட்டுவிட்டு நழுவுகிற தந்திரத்துக்கும் அதுதான் பெயர். நின்காடா ஏன் நின்ஜா ஆனது என்று இப்போது புரிகிறதா? எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்!

போன வருடம் ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் இந்தச் சட்டையை நேரில் பார்த்தேன்.

(திரையில்: என் போனில் எடுத்த படம்)

பழுப்பு நிறம், வெயில் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசு. காலில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. முன்னங்கால் இரண்டும் பட்டையை அப்படியே கவ்வியிருந்தன, பாராஸின் கொடுக்கு அச்சு அசலாக. விரலால் இழுத்தால் வரவில்லை, ஒவ்வொரு நகமாக விடுவிக்க வேண்டியிருந்தது. கண் இருந்த இடத்தில் கண்ணாடிக் குமிழ் மாதிரி இரண்டு மேடு. முதுகில் நீளமாக ஒரு பிளவு.

ஷெடின்ஜாவின் முதுகிலும் ஒரு பிளவு இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்ப்பவரின் ஆவியை அது பிடுங்கிக்கொள்ளும் என்கிறது போகிடெக்ஸ். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக மெல்லிய நூல்கள் தொங்கின. முதலில் சிலந்தி வலை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன், அவை பூச்சியின் மூச்சுக் குழாய்களின் உள்தோல். வெளியே வரும்போது அதையும் சேர்த்து உரித்துப் போட்டுவிட்டுப் போகிறது. மூச்சே விடாத ஷெடின்ஜாவின் நிஜக் கூட்டுக்குள் மிச்சம் இருப்பது, மூச்சு போய் வந்த பாதை.

அந்தக் கூடு இப்போது என் மேஜையில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. அடுத்த முறை மலைப்பக்கம் போனால் அடிமரத்தில் கண்ணுயரத்தில் தேடுங்கள். கிடைத்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.