கேஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை… மண் இருந்தது!

வணக்கம் மக்களே. பேசுவதற்கு முன்னால் பத்து நொடி சும்மா இருக்கிறேன், இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

கேட்டதா? சளப் சளப் சளப். இந்தச் சத்தத்துக்காக மூன்று நாள் தூங்கவில்லை நான். ஆமையின் ஏசி ஓடுகிறது. புதிதாக வந்தவர்களுக்கு: ஆமை என்பது என் குட்டி ட்ரெய்லர். மாதவரத்தில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் செய்தது, என் பழைய ஜீப்தான் இழுக்கும். பின்பக்கச் சுவரில் முக்கால் டன் விண்டோ ஏசி. "இவ்வளவு சின்னப் பெட்டிக்கு ஏசி எதற்கு அக்கா" என்று இன்னும் கமெண்ட் போடுகிறவர்கள், கத்திரி வெயிலில் தண்டையார்பேட்டைக்கு வந்து தகரப் பெட்டிக்குள் ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.

போன வீடியோவில் பழவேற்காட்டில் மெத்தை நனைந்ததைப் பார்த்திருப்பீர்கள். நடுராத்திரி, ஏசியின் முகத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, விடியும்போது தலையணையைப் பிழிந்தேன். திரும்பி வந்ததும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மூடியைத் திறக்கவில்லை, காது மட்டும் வைத்துக் கேட்டார். "கேஸ் போயிடுச்சு மேடம், மூவாயிரத்து ஐநூறு ஆகும்."

எனக்குப் பிடிக்காத வார்த்தைகளில் முதல் இடம் இந்தக் 'கேஸ் போயிடுச்சு'க்குத்தான். ஏசியில் இருக்கிற கேஸ் பெட்ரோல் இல்லை மக்களே, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. கசிகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை. ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன்: கேஸ் குறைந்தாலும் உள்ளே தண்ணீர் சொட்டலாம். காற்றைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருளுக்குத்தான் காயில் என்று பெயர், அதில் ஐஸ் கட்டும், அது உருகி வடியும். ஆனால் என் காயிலில் ஐஸ் இல்லை, காற்றும் ஜில்லென்றுதான் வந்தது. அதையாவது அவர் பார்த்திருக்க வேண்டாமா?

சரி, நானே கழற்றுவது என்று முடிவு. பிளக்கைப் பிடுங்கினேன், முன் கிரில்லை எடுத்தேன், பில்டரை உருவினேன். பில்டர் கறுப்பு. ராயபுரத்தில் வளர்ந்தவளுக்குக் கறுப்புத் தூசி புதிதா என்ன? துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வரும். நீதிமன்றம் சொல்லி 2011-இல் நிலக்கரி இங்கிருந்து எண்ணூர்ப் பக்கம் போனது. இப்போது கண்டெய்னர் லாரிப் புகை. பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஸ்க்ரூ.

ஏசியை அதன் வெளிக் கூட்டோடு பிடித்திருப்பது நான்கு ஸ்க்ரூ. மூன்று சமர்த்தாக வந்துவிட்டன. வலது பக்கக் கீழ் ஸ்க்ரூ, கடல் காற்று குடித்துக் குடித்துத் துருப்பிடித்துக் கூட்டோடு ஒன்றாகிவிட்டது. அழுத்தித் திருப்பினேன், தலையில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து வட்டக் குழியாகிவிட்டது. மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். அசையவில்லை. ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருப்பச் சொல்லி ஒரு வீடியோ உண்டு, அதைச் செய்தேன், ரப்பர் பேண்ட் கிழிந்தது. ஒன்றரை நாள் மக்களே, ஒரு சுண்டுவிரல் நக அளவு ஸ்க்ரூவுக்கு! கடைசியில் தெருமுனை டூவீலர் கடை அண்ணன், சுத்தியலால் தட்டினால் தானே சுற்றுகிற ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கொண்டு வந்தார். இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் 'கிரீச்' என்றது. அந்தச் சத்தத்தை ரிங்டோனாக வைக்கலாமா என்று யோசித்தேன். அண்ணன் காசு வாங்கவில்லை, "வீடியோல கடையைக் காட்டும்மா" என்றார். இதோ, காட்டியாயிற்று. அந்த நான்குக்கும் பதிலாக இப்போது துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ, மண்ணடியில் வாங்கியது, ஒன்று ஆறு ரூபாய். மூவாயிரத்து ஐநூறு எங்கே, இருபத்து நான்கு ரூபாய் எங்கே!

ஸ்க்ரூ போன பிறகு ஏசி டிராயர் மாதிரி முன்னால் வரும். தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடித் தட்டைப் பிடித்துத் தூக்குங்கள். செம்புக் குழாயையோ காயிலையோ பிடித்து இழுத்தால் அப்போதுதான் நிஜமாகவே கேஸ் போகும். படுக்கப் போடவும் கூடாது, கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசரில் இருக்கிற எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். பிளக்கைப் பிடுங்கினேன் என்று சொன்னேன் இல்லையா, அதோடு முடியவில்லை. உள்ளே உருளையாக இருக்கிற கெப்பாசிட்டரில் அதற்குப் பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைத்தால் தூக்கி அடிக்கும். ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் தொட்டு இறக்கிய பிறகுதான் மற்ற வேலை. பயமாக இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், இதில் வீரம் வேண்டாம்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். ஏசியின் பின்பக்கத் தட்டில் தண்ணீர் வெளியேற ஒரு சின்ன ஓட்டை உண்டு. விரலை விட்டுத் தடவினேன், ஓட்டையே இல்லை. டார்ச் அடித்தேன். குளவிக் கூடு! சுண்ணாம்பு பூசினது மாதிரி வழவழவென்று அடைத்திருந்தது.

இதை ஆயாவிடம் சொன்னது என் தப்பு. "கொளவி கூடு கட்னா வூட்ல விசேசம்டி, கலைக்காதே" என்று நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். "ட்ரெய்லர்ல யாருக்கு ஆயா விசேஷம், ஜீப்புக்கா?" என்றேன். கோபம். மதியம் அவர் கண்ணயர்ந்ததும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். ஏற்கெனவே காலியான கூடுதான், குளவி பறந்துபோன துளை இருந்தது. உள்ளே காய்ந்த சிலந்திக் கால்கள் மட்டும்.

ஆனால் கூடு பாதிக் குற்றவாளிதான். மிச்சம் நான். விண்டோ ஏசி பின்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் பின்னால் போகும். பழவேற்காட்டில் ஆமையின் முன் சக்கரம் மணலில் புதைந்து மூக்கு கீழே போயிருந்தது, ஏசி உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பின்னால் அடைப்பு, முன்னால் சரிவு, தண்ணீர் வேறு எங்கே போகும்? என் தலையணைக்குத்தான். இனி எங்கே நிறுத்தினாலும் கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் சமையலே.

கழுவியது சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மோட்டாரையும் ஒயர்களையும் பிளாஸ்டிக் கவரால் கட்டினேன், மெல்லிய பிரஷ், இரண்டு குடம் நல்ல தண்ணீர். பைக் கழுவுகிற பிரஷர் பம்ப் வேண்டவே வேண்டாம், காயில் தகடுகள் நசுங்கிக் காற்று போகாது. கடலோரம் போய்வந்தால், சூட்டை வெளியே விடுகிற பின் காயிலில் உப்பு படியும், அது அலுமினியத்தை அரிக்கும், அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு குடம் ஊற்றுங்கள். அரை நாள் வெயில். கம்ப்ரசரின் கால் ரப்பரில் ஒன்று வெடித்திருந்தது, மாற்றினேன். நம் ரோட்டுக் குலுக்கலில் அது போனால் அடுத்து செம்புக் குழாயில் விரிசல் விழும்.

அந்தச் சளப் சளப்? பின்னால் ஃபேனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, அது தட்டில் தேங்கும் தண்ணீரை அள்ளிச் சூடான காயிலில் அடிக்கும். காயிலும் குளிரும், தண்ணீரும் குறையும். சத்தம் பிடிக்கவில்லை என்று தட்டில் புதிதாக ஓட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், போடாதீர்கள். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வளையம் அள்ளுவதைவிடத் தண்ணீர் அதிகம் வரும், அதற்குத்தான் அந்தப் பழைய ஓட்டை.

அந்த ஓட்டைக்கு வலை கட்டலாமா என்று யோசிக்கிறேன், தூசி அடைக்குமோ என்று… இருங்கள். பின்னால் ஏதோ ரீங்காரம். ஐயையோ, வாயில் மண்ணோடு வந்திருக்கிறது. ஆயா, சிரிக்காதே! தம்பி, அந்தத் துடைப்பத்தை எடு… இல்லை, எடுக்கவிட மாட்டார் போல. கேமராவை நிறுத்துகிறேன்.