கேட்டாரா, உத்தரவு போட்டாரா?

வணக்கம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கோர்ட் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறவன். நீதிமன்றச் செய்தி எப்படி உருவாகிறது என்று பேசச் சொன்னார்கள். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு ஹைகோர்ட் செய்தி எழுதுவதில் எடுத்த எடுப்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊர்க்காரர் ஒரு ரிட் மனு போட வேண்டும் என்றால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய, திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல்காரர் சென்னைக்குப் போக வேண்டும். 2004-ல் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் எல்லாம் அங்கே போய்விட்டன, திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையோடு நின்றுவிட்டன. ஆறும் நெல்லும் ஒன்றுதான், கோர்ட் மட்டும் இரண்டு. அதனால் இரண்டு ஊரிலும் நமக்கு வக்கீல்கள் தெரிந்திருக்க வேண்டும், நேரில் போக முடியாத நாளில் அவர்கள் போனில் சொல்வதுதான் செய்தி.

அப்படிப் போனில் கேட்டு எழுதி நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால், சம்பா அறுவடை சமயம், தை மாதத்தில் நல்ல மழை. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும். இது கோர்ட்டுக்குப் போனது. விசாரணையில் நீதிபதி அரசு வழக்கறிஞரைப் பார்த்து, மழையில் நனைந்த நெல்லுக்கு ஏன் தளர்வு கொடுக்கக் கூடாது என்று கேட்டார். கேட்டார், அவ்வளவுதான். அரசுத் தரப்பு பதில் மனு போட அவகாசம் கேட்டது, வழக்கு இரண்டு வாரம் தள்ளிப் போனது. நான் எழுதி அனுப்பியது, ‘ஈர நெல்லைக் கொள்முதல் செய்ய ஹைகோர்ட் உத்தரவு’. அப்படியே அச்சில் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பக்கத்துக் கிராமத்துக் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். ஒரு பெரியவர் டிராக்டரில் நெல்லை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பட்டியல் எழுத்தர் ஒரு கை நெல்லை அள்ளி ஈரப்பதம் பார்க்கிற மெஷினில் போட்டார், 20-க்கு மேல் காட்டியது. பெரியவர் பேப்பரை எடுத்து விரித்தார். “கோர்ட்டே சொல்லிடுச்சு, பாருங்க தம்பி” என்றார். “ஐயா, எங்களுக்கு ஒரு சர்க்குலரும் வரலைங்க” என்று அந்தப் பையன் சொன்னபோது அவன் முகத்திலும் சங்கடம்தான். டிராக்டர் வாடகை பெரியவர் கையை விட்டுப் போனது, நெல்லைத் திரும்பவும் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டியதாயிற்று. எழுதினவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம். “அப்ப கோர்ட்டு சொல்லலையா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

இதில் நான் எழுதாமல் விட்டது இன்னொன்றும் இருந்தது. அந்த 17 சதவீதத்தைத் தளர்த்துகிற அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. மாநில அரசு கடிதம் எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து நெல் மாதிரி எடுத்துப் போக வேண்டும், அப்புறம்தான் டெல்லியிலிருந்து பதில் வரும். இதைச் சொல்லாமல் கோர்ட்டில் நடந்ததை மட்டும் எழுதினால் பாதிச் செய்திதான். டெல்லி அரசியல் நம் களத்துமேட்டில்தான் வந்து நிற்கிறது.

சரி, நீதிபதி வாய்மொழியாகச் சொல்வதை எழுதவே கூடாதா என்றால், கண்டிப்பாக எழுத வேண்டும். 2021 தேர்தல் நேரத்தில் கரூர் தொகுதியில் 77 வேட்பாளர்கள், வாக்கு எண்ணும் இடத்தில் கொரோனா பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு வழக்கு. ஏப்ரல் 26 அன்று அந்த விசாரணையில்தான் இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, அதிகாரிகள் மீது கொலை வழக்குக்கூடப் போடலாம் என்கிற மாதிரி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. எழுத்தில் வந்த உத்தரவில் அந்த வார்த்தை கிடையாது. வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கோர்ட்டில் நடப்பதை மக்களுக்குச் சொல்வது ஊடகத்தின் உரிமை என்றது, அந்த வார்த்தை கடுமையானது என்றும் சொன்னது, உத்தரவிலேயே இல்லாத ஒன்றை எங்கிருந்து நீக்குவது என்றும் கேட்டது. 1971-ம் வருஷத்து நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 4-வது பிரிவும் விசாரணையை நேர்மையாக, சரியாக எழுதினால் அவமதிப்பு ஆகாது என்றுதான் சொல்கிறது. ஆக, எழுதலாம். ‘கேள்வி எழுப்பினார்’ என்பதை ‘உத்தரவிட்டார்’ என்று ஆக்கக் கூடாது, எனக்குத் தெரிந்து இந்த வேலையில் பாதி அதுதான். நோட்டீஸ் அனுப்புவதும் அப்படித்தான், பதில் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் அது, ஆனால் தலைப்பில் ‘அரசுக்கு அதிரடி நோட்டீஸ்’ என்று வரும்போது படிக்கிறவர் வழக்கே ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார்.

2018 பிப்ரவரி 16-ஐ நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காவிரித் தீர்ப்பு, 465 பக்கம். கர்நாடகம் வருஷத்துக்கு நமக்குத் தர வேண்டிய 192 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) 177.25 ஆனது, 14.75 போச்சு என்று எல்லா டிவியிலும் ஓடியது. அது பெரிய அடி, எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே தீர்ப்பில் தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஆறு வாரத்துக்குள் மத்திய அரசு ஒரு ‘ஸ்கீம்’ உருவாக்க வேண்டும் என்று இருந்தது. அன்று மாலை அந்த வார்த்தையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு, நானும் இரண்டு வரிதான் எழுதினேன். ஆறு வாரம் முடிந்ததும் ஸ்கீம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்டு, கர்நாடகத் தேர்தலைக் காரணம் காட்டி அவகாசமும் கேட்டு மத்திய அரசு திரும்ப உச்ச நீதிமன்றத்துக்கே போனது. இங்கே பந்த், மறியல். அந்த ஸ்கீம்படி அமைந்த காவிரி மேலாண்மை ஆணையம் ஜூன் 1-ல்தான் அரசிதழில் வந்தது. தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது, ஒரு மணி நேரத்தில் தமிழில் எழுதியாக வேண்டும், அந்த அவசரத்தில் எண் கண்ணில் படுகிறது, வார்த்தை நழுவிவிடுகிறது. 1983-ல் நம் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு நடந்துதான் 1990-ல் காவிரி நடுவர் மன்றமே வந்தது. அத்தனை வருஷம் காத்திருந்தவர்களுக்கு நழுவவிடாமல் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் உத்தரவு நகல் கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பத்தியைப் படிக்கிறேன், அடுத்த வாய்தா தேதியைச் செய்தியிலேயே போடுகிறேன். தண்ணீர்ச் செய்தி என்றால் காவிரி ஒழுங்காற்றுக் குழு செய்தது பரிந்துரை, மேலாண்மை ஆணையம் சொன்னது உத்தரவு என்று பிரித்து எழுதுகிறேன். 2023-ல் கர்நாடகம் விநாடிக்கு 5,000 கன அடி, 15 நாளைக்குத் திறக்க வேண்டும் என்று வந்ததே, கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறரை டிஎம்சிகூட முழுசாக வராது. அது மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில் அளக்கிற தண்ணீர். மேட்டூரில் சேர்ந்து, கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வாய்க்காலுக்கு அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே இப்போது எழுதிவிடுகிறேன்.