கூத்து மேடையேற ஒரு கிழமை: கடைசி ஒத்திகையளிலை எதைப் பார்க்கிறது

வணக்கம் உறவுகளே. வைகாசி, ஆனி எண்டால் வன்னியிலை கோயில் வழிய கூத்துக் காலம். வற்றாப்பளைப் பக்கம் கோவலன் கூத்து, மாரியம்மன் கோயிலளிலை நேர்த்திக்குக் காத்தவராயன் கூத்து. இந்த வீடியோ, கூத்துப் பழக்கிற இளம் அண்ணாவிமாருக்கு. இண்டைக்குக் காத்தவராயன் கூத்தை வைச்சுத்தான் கதைக்கப் போறன். ராத்திரி ஒன்பது மணிக்குத் துவங்கினால் விடியக் காத்தவராயன் கழுமரம், அதாவது தண்டனை மரம், ஏறுமட்டும் போற கூத்து, அதிலை சரிவந்தால் மற்றதெல்லாம் சரிவரும்.

முதல்லை ஒண்டு. கடைசிக் கிழமையிலை புது மெட்டு, புது ஆட்டம் எதுவும் சொல்லிக் குடுக்காதேங்கோ. ஆள் ஆளாப் பாட்டுப் பாடமாக்கிற காலம் முடிஞ்சுது. இனிப் பார்க்க வேண்டியது பொருத்துகளை. ஒருத்தர் பாட்டு முடிஞ்சு மற்றவரின்ரை வரவு துவங்கிற இடம், திரை விழுந்து எழும்பிற இடம், மைக் கைமாறுற இடம். கூத்துக் குழம்பிறது அங்கைதான். கொப்பியை எடுத்து, அந்த இடங்களுக்கு மட்டும் சிவப்புப் பேனையாலை கோடு போடுங்கோ. ஒவ்வொரு பொருத்திலையும் முன்னுக்கு நாலு வரி, பின்னுக்கு நாலு வரி. அதை மட்டும் திருப்பித் திருப்பிப் பாருங்கோ. ஒரு இரவிலை முழுப் பொருத்தும் பார்த்து முடிக்கலாம்.

பெரிய பொருத்து எது எண்டால், காத்தான், அதுதான் காத்தவராயன், ஆடுற ஆள் மாறுறது. காத்தானுக்கு ஒருத்தர் மட்டும் ஆடுறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். முதல் காத்தான் சின்னப் பெடியன் எண்டால் 5 கட்டைச் சுருதியிலை வசதியாப் பாடுவான். கடைசிக் காத்தான் வளர்ந்த ஆள், 2 கட்டைக்கு மேலை போனால் தொண்டை கட்டிப்போடும். ஆர்மோனியக்காரருக்குச் சுருதி இறக்கிறது கண் வெட்டிற வேலை. மிருதங்கம் அப்பிடி இல்லை. வலந்தலையை, அதாவது வலப்பக்கத்தை, சுத்தித் தட்டித் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவர நிமிசக்கணக்காகும், அவ்வளவு தூரம் இறக்கினால் நாதமும் செத்துப்போகும். அதுக்காக இரண்டு மிருதங்கம் வேணும். மேல் சுருதிக்கு 22 அங்குலம், கீழ்ச் சுருதிக்கு 24 அங்குலம். இரண்டாவதை முன்னேற்பாடாச் சேர்த்து, துணியாலை மூடிப் பக்கத்திலை வையுங்கோ. சுருதி மாறுற இடத்திலை ஒரு வசனக் காட்சி வாற மாதிரி ஒழுங்குபடுத்தினால் சனத்துக்கு மாற்றம் உறுத்தாது. பாட்டும் பாட்டும் ஒட்டின இடத்திலை 5 இலை இருந்து 2 க்கு விழுந்தால் பின்பாட்டுக்காரர் மூண்டு வரிக்குத் தடவுவினம்.

இதைக் கிட்ட வந்து பாருங்கோ. மிருதங்கத்தின்ரை தொப்பிப் பக்கம், அதாவது இடப்பக்கம், நடுவிலை ரவை அப்பியிருக்கு. ஈரமா இருக்குமட்டும்தான் அந்தக் கும் எண்ட நாதம். சோளகக் காத்து அடிக்கிற காலத்திலை வெளியரங்கிலை கெதியாக் காய்ஞ்சு ஓரம் வெடிக்கும், சத்தம் தகரத்திலை தட்டின மாதிரி வரும். ஒரு இரவுக்கு இரண்டு, மூண்டு தரம் சுரண்டிப்போட்டுப் புதுசாக் குழைச்சு வைக்க வேண்டிவரும். எந்த எந்த வசனத்துக்குள்ளை அதைச் செய்யிறது எண்டு மிருதங்கக்காரரோடை இருந்து கொப்பியிலை குறியுங்கோ. அவற்றை கைக்கு நேரம் குடுக்காமல் அவரிலை பிழை பிடிக்கிறது ஞாயமில்லை.

அடுத்தது, தாளம் இழுபடுறது. ஒத்திகையிலை கொட்டிலுக்குள்ளை நல்லா வந்த துள்ளல் மேடையிலை ஏன் பிந்துது எண்டு கன பேர் கேக்கினம். காரணம் ஸ்பீக்கர். சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் போகும். றோட்டுப் பக்கம் 34 மீற்றர் தள்ளிக் கட்டின ஸ்பீக்கரிலை இருந்து வாற தாளம், ஆடுறவரின்ரை காதுக்குப் பத்திலொரு செக்கன் பிந்தி வரும். அதைக் கேட்டு அவர் மிதிக்க, சல்லாரி எண்ட கைத்தாளம் போடுறவர் அவற்றை காலைப் பார்த்துத் தட்ட, பத்து நிமிசத்திலை கூத்தே தூங்கும். மேடை முன் விளிம்பிலை, ஆடுறவையைப் பார்த்தபடி ஒரு சின்ன மொனிற்றர் வையுங்கோ. அதுக்குள்ளை மிருதங்கமும் சல்லாரியும் ஆர்மோனியமும் மட்டும் போகட்டும். பாடுற குரலை அதுக்குள்ளை விட்டால் மைக் கூவும். சவுண்ட்காரர் பின்னேரம் வந்து வயர் இழுத்திட்டுப் போறவராய் இருந்தால், உடுப்போடை முழுக்க ஆடிப் பார்க்கிற வெள்ளோட்டத்துக்கே அவரைக் காசு குடுத்துக் கூப்பிடுங்கோ. உடுப்பு வாடகையிலை மிச்சம் பிடிச்சாலும் இதிலை பிடிக்காதேங்கோ.

மேடைக்கு வருவம். பரல் வைச்சுப் பலகை போட்ட மேடை எண்டால், வாத்தியக்காரரைப் பலகைக்கு மேலை இருத்தவே கூடாது. ஆறு பேர் சதங்கையோடை துள்ளேக்கை பலகை எழும்பும், ஆர்மோனியத் துருத்தி ஆடும், மைக் ஸ்ராண்டுக்குள்ளாலை டம் டம் எண்டு ஏறும். பக்கத்திலை நிலத்திலை பாய் விரிச்சு இருத்துங்கோ. பிறகு வெறுங்காலோடை மேடை முழுக்க நீங்களே நடவுங்கோ. ஆணித் தலை ஒண்டு தட்டுப்பட்டாலும் அங்கையே அடிச்சு இறக்குங்கோ. சீனுக்கு, அதாவது பின்திரைக்கு, பின்னாலை ஓலையோ தறப்பாளோ இறுக்கிக் கட்டாமல், கீழை அரை அடி இடைவெளி விடுங்கோ, காத்துப் போகட்டும். கீழ்த் தடியை இரண்டு பக்கமும் மண் மூட்டையோடை கட்டினால் சீன் கப்பல் பாய் மாதிரிப் புடைக்காது.

கழுமரம். இதிலை நான் விட்டுக்குடுக்கவே மாட்டன். பலகையிலை ஆணி அடிச்சு நிப்பாட்டுறதை நிப்பாட்டுங்கோ. மேடைக்குப் பின் விளிம்போடை ஒட்டி நிலத்திலை நடுங்கோ. 12 அடி மரம் எண்டால் 3 அடியாவது மண்ணுக்குள்ளை, சுத்திவரக் கல்லுப் போட்டு இடிச்சு இறுக்கினது. கால் வைக்கிற தட்டிலை இரண்டு நெல் மூட்டையை ஏத்தி ஒரு இரவு விட்டுப் பாருங்கோ. ஏறுறவர் அதே உடுப்போடை, அதே முடியோடை ஏறிப் பழக வேணும். சாரத்தோடை ஏறேக்கை தடக்காதது, சரிகை உடுப்பு முழங்காலுக்கை சிக்கேக்கை தடக்கும். ஏறுற நேரம் விடியப்புறம் நாலு மணி, ஆள் களைச்சுப் போயிருப்பார். பின்னுக்கு இரண்டு பேர் நிக்க வேணும், அவைக்கு அந்தக் காட்சியிலை வேறை வேலை குடுக்கக்கூடாது.

இதோடை சேர்ந்தது இன்னொண்டு. ஒவ்வொரு ஒத்திகையும் காப்பு எண்ட முதல் பாட்டிலை இருந்து துவங்குறதாலை முதல் பாதி எல்லாருக்கும் தண்ணிபட்ட பாடு. விடியப்புறப் பகுதிக்கு வரேக்கை ஆக்கள் வீட்டை போகத் துவங்கிடுவினம். ஆனபடியால் கடைசிக் கிழமையிலை இரண்டு இரவு, கடைசி மூண்டிலொரு பங்கை முதல்லை எடுங்கோ. வெள்ளோட்டத்தை மேடையேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னம், ராத்திரி ஒன்பது மணிக்கே துவங்குங்கோ. பகலிலை வைச்சால் வெளிச்சத்துக்கு வாற பூச்சி வாய்க்குள்ளை போறதும் தெரியாது, ஜெனறேற்றர் சத்தம் ஆர்மோனியத்தை மூடுறதும் தெரியாது. லைற்றுக்கு ஒரு லைன், சவுண்டுக்கு வேறை லைன். ஒண்டிலை குடுத்தால் ஸ்பீக்கர் இரையும்.

வெள்ளோட்டத்துக்கு அடுத்த நாள் ஒருத்தரும் முழுக்குரலிலை பாடக்கூடாது. அரைக்குரலிலை வரி பார்த்தால் காணும். குசுகுசுத்துக் கதைக்கிறதும் குரல்நாணுக்குக் கேடுதான். மல்லித்தண்ணி, உப்புத்தண்ணிக் கொப்பளிப்பு, நித்திரை. வயல் வேலையிலை, தூசுக்குள்ளை நிக்கிற ஆக்கள் வாயை மூடித் துணி கட்டட்டும்.

அன்பளிப்பு வாசிக்கிற அறிவிப்பாளரிட்டை ஒரு தாள் குடுங்கோ, எந்தக் காட்சிக்குப் பிறகு மைக் எடுக்கலாம் எண்டு எழுதி. காத்தானும் ஆரியமாலையும் தர்க்கம் பாடேக்கை நடுவிலை பேர் வாசிச்சால் சூடு போனது போனதுதான்.

மேடையேற்றத்தண்டு அண்ணாவியார் திரைக்குப் பின்னாலை நிக்கக்கூடாது. அங்கை கொப்பியோடை வேறை ஒருத்தரை விடுங்கோ, வரவுக்கு ஆளைத் தயாரா நிப்பாட்டுறது அவற்றை வேலை. நீங்கள் சல்லாரியோடை பின்பாட்டுக்காரருக்குப் பக்கத்திலை, ஆடுறவரின்ரை கண்ணுக்குத் தெரியிற இடத்திலை இருங்கோ. வரி மறந்தவர் முதல்லை பார்க்கிறது உங்கடை வாயைத்தான்.