வாடகை ஓரிடம், தீ வேறிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாநில அரசும் ஒரு பெரிய நிலக்கிழார். மேய்ச்சல், கோதுமை, பழத்தோட்டம், செல்போன் கோபுரம், சூரிய மின் நிலையம் என்று பலதுக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறது. வாடகை மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. ஆனால் குத்தகைக்காரரின் கொட்டகை பற்றிக்கொண்டாலோ, அந்த நிலத்து வேலையாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலோ, ஓடி வருவது உள்ளூர்த் தீயணைப்பு வண்டி.

அங்கே 'தீயணைப்பு மாவட்டம்' என்பது சில ஊர்களைச் சேர்த்து, வரி விதிக்கும் உரிமையோடு அமைந்த சிறிய உள்ளாட்சி அமைப்பு. பெரும்பாலும் சொத்து வரியில்தான் அது ஓடுகிறது. அரசு நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. ஆகவே எல்லைக்குள் அரசு நிலம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு மற்ற வீட்டுக்காரர்கள் தலையில் சுமை ஏறும். அந்த நாட்டுத் தீயணைப்பாளர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். சம்பளமில்லாமல் உழைப்பைத் தருகிறவர்களிடம், வண்டிக்கும் நீங்களே பணம் திரட்டுங்கள் என்று சொல்வது அநியாயம்.

வாடகையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த நிலங்களில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களின் சொத்து. 1889-இல் வாஷிங்டன், மொன்டானா, இரண்டு டகோட்டாக்கள் ஆகியவற்றை மாநிலங்களாக்க வழிவகுத்த சட்டம், 36 சதுர மைல் கொண்ட ஒவ்வொரு நிலக்கட்டத்திலும் 16-ஆம், 36-ஆம் பகுதிகளைப் பொதுப் பள்ளிகளுக்கென ஒதுக்கியது. ஒரு பகுதி 640 ஏக்கர். மாநிலம் அதற்கு உரிமையாளராக இருந்தாலும், பள்ளிகளுக்கான ஓர் அறக்கட்டளையின் பொறுப்பாளர் மட்டுமே. அரிசோனா தன் நெடுஞ்சாலைக்கு இப்படிப்பட்ட நிலத்தை எடுத்தபோது, முழு மதிப்பையும் அந்த அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும் என்று 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலை நல்ல காரியம்தான், தீயணைப்பும் நல்ல காரியம்தான். அதற்காகப் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுக்கக் கூடாது.

வாஷிங்டன் மாநிலம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே பொது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், வாடகைக்கு மேல் 12.84 சதவீதம் குத்தகை வரி கட்ட வேண்டும். சொத்து வரிக்கு ஈடாக 1976-இல் வந்த ஏற்பாடு இது. அதில் வாடகையின் 6 சதவீதம் வரை உள்ளாட்சிகளின் பங்கு. இதை நான் பெரிதும் மதிக்கிறேன். நிலத்தை அனுபவிக்கிறவர் அந்த ஊரின் செலவிலும் பங்கெடுக்கிறார். பள்ளிக்கான வாடகையில் ஒரு காசும் குறைவதில்லை.

அதே மாநிலத்தில் இன்னொரு கதை. 1920களிலும் 1930களிலும், மரங்களை வெட்டித் தீர்த்த நில உரிமையாளர்கள் வரி கட்டாமல் நிலத்தைக் கைவிட்டார்கள். மொட்டைக் காடுகள் கவுண்டிகளின், அதாவது மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளாட்சிப் பிரிவுகளின், கைக்கு வந்தன. மீண்டும் காடு வளர்க்க வசதியில்லாத கவுண்டிகள் அவற்றை மாநிலத்திடம் ஒப்படைத்தன, வருமானம் தங்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. 5 லட்சம் ஏக்கருக்கு மேல். இன்றும் அங்கே மரம் விற்றால், மாநிலம் நிர்வாகச் செலவுக்கு அதிகபட்சம் 25 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைக் கவுண்டிக்கு அனுப்புகிறது. அந்த இடத்தில் வரி விதிக்கும் நூலகம், மருத்துவமனை, தீயணைப்பு மாவட்டங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் பங்கு என்றாலே ஏற்ற இறக்கமும் கூட வரும். 1908 முதல், மத்திய அரசுக்குச் சொந்தமான தேசியக் காடுகளின் வருவாயில் 25 சதவீதம் கவுண்டிச் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் போனது. 1990களில் அந்தக் காடுகளில் மரம் வெட்டுவது சரிந்தபோது பங்கும் சரிந்தது, கவுண்டிகள் தவித்தன. 2000-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. மரத்தின் விலை இறங்கிய ஆண்டில் தீப்பிடிப்பது குறைந்துவிடுமா? வாடகை வராத மாதத்திலும் வண்டிக்கு டயர் வேண்டும், புகைக்குள் மூச்சுவிட உதவும் காற்று உருளையை நிரப்ப வேண்டும், ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும்.

அதனால் என் கோரிக்கை இது. தீயணைப்பு மாவட்டத்துக்கு, எல்லைக்குள் இருக்கும் அரசு நிலத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பார்த்து, ஆண்டுதோறும் குறையாத ஓர் அடிப்படைத் தொகையை மாநிலப் பொது நிதி தர வேண்டும். குத்தகை வரியின் பங்கு அதற்கு மேல் வரட்டும். அந்தப் பணம் கவுண்டியின் பொதுக் கணக்கில் கலந்துவிடாமல், நேரே தீயணைப்பு மாவட்டத்தின் கணக்குக்குப் போக வேண்டும். கவுண்டிக்கு ஆயிரம் அவசரம். இருபது பேர் கொண்ட தன்னார்வ நிலையத்தின் குரல் அங்கே எடுபடாது.

காசு செலவில்லாத இன்னொன்றும் உண்டு. குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானதுமே அதன் ஒரு படி தீயணைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். எந்த வாயில் பூட்டியிருக்கும், எரிவாயுத் தொட்டி எங்கே, மின்கல அறை எங்கே, தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்பதையெல்லாம், நள்ளிரவில் புகைக்குள் நின்று தேடும் நிலைக்கு அவர்களைத் தள்ளக் கூடாது.

நன்றி, வணக்கம்.