பீப்பாயில் முதிர்ந்த காபி ஸ்டவுட்டை மதிப்பிடுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

வலிமையான பீர் வகைகளுள், மரப்பீப்பாயில் முதிரவைத்துக் காபி சேர்க்கப்பட்ட ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர் அளவுக்குச் சுவைப்பவரைத் திணறடிப்பது வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு கால அளவுகள் அதில் சேர்ந்திருப்பதே இதற்குக் காரணம். பீப்பாய் தன் குணத்தை பீருக்குள் இறக்குவதற்குப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுகூட ஆகும். காபியின் மணமோ சேர்த்த சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். இந்த இரண்டையும் உரிய வேளையில் ஒரே கோப்பையில் கூட்டிவைக்கத் தயாரிப்பாளரால் முடிந்திருக்கிறதா என்று கண்டறிவதுதான் சுவைப்பவரின் முதல் வேலை.

இந்த பீருக்கு அடிப்படையாக இருப்பது இம்பீரியல் ஸ்டவுட். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் காய்ச்சப்பட்டு ரஷ்யாவுக்கு ஏற்றுமதியான கறுப்பு பீரின் வழிவந்தது அது. 1985இல் தொடங்கப்பட்ட ‘பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம்’ என்ற, பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பின் வழிகாட்டி இதற்கு 8 முதல் 12 விழுக்காடு வரை ஆல்கஹால் அளவைக் குறிப்பிடுகிறது. பீப்பாயில் கிடந்தவை அந்த எல்லையையும் தாண்டிப் போவதுண்டு, ஏனெனில் முன்பு விஸ்கி வைத்திருந்த அந்தப் பீப்பாயின் பலகைகளில் ஊறியிருக்கும் மதுவும் பீருடன் கலந்துவிடுகிறது. பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கியை உள்ளே கருக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுமுறை பர்பனுக்கு உதவாது. ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் இப்படித்தான் பீர் தயாரிப்பாளர்களின் கைக்கு வந்தன. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘பர்பன் கவுண்டி ஸ்டவுட்’ இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தார் காபியும் சாக்லேட்டும் சேர்ந்த ஸ்டவுட்டைப் பர்பன் பீப்பாயில் முதிரவைத்து ‘கேபிஎஸ்’ என்ற பெயரில் அளித்தார்கள்.

பீப்பாய் என்ன தருகிறது என்று தெரிந்தால்தான் அதைத் தேட முடியும். ஓக் மரத்தைத் தீயில் வாட்டும்போது அதிலுள்ள, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வனிலா மணத்தைத் தரும் வனிலினும் புகை மணத்தைத் தரும் பொருள்களும் உண்டாகின்றன. ஓக் லாக்டோன் தேங்காய் வாசனையையும், யூஜெனால் கிராம்பு வாசனையையும் தருகின்றன. மரத்தின் டானின்கள் ஓரளவு துவர்ப்பைச் சேர்க்கின்றன. மரம் மெல்ல உள்ளே விடும் ஆக்சிஜன் அளவோடு இருந்தால் உலர்ந்த திராட்சையையும் ஷெர்ரி ஒயினையும் நினைவூட்டும் ஆழம் கிடைக்கும். மிஞ்சிப்போனால் ஈர அட்டையின் வாடையோ காடியின் புளிப்போ தலைகாட்டும்.

காபியின் கதை வேறு. அதைப் பெரும்பாலும் பீர் பீப்பாயிலிருந்து வெளியே வந்த பிறகே, கொட்டைகளாகவோ குளிர்ந்த நீரில் ஊறவைத்த வடிநீராகவோ சேர்க்கிறார்கள். கொட்டைகளை அதிக நேரம் ஊறவிட்டால் முரட்டுத் துவர்ப்பு ஏறிவிடும். காபி சேர்ந்த பீர் பழையதாகும்போது பச்சைக் குடைமிளகாயின் வாசனை எழுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அது வந்துவிட்டால், பீப்பாய் எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும், அந்தப் புட்டி தன் காலத்தைக் கடந்துவிட்டது என்றே நான் முடிவு செய்வேன். இன்னொரு சிக்கலும் உண்டு. வறுத்த பார்லியே காபியை ஒத்த மணம் தரக்கூடியது. அதனால் நாம் உணர்வது கொட்டையிலிருந்து வந்ததா, தானியத்திலிருந்து வந்ததா என்ற ஐயம் எழும். அதே தயாரிப்பின் காபி சேராத வடிவம் கிடைக்குமானால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். அதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

சுவைக்கும் முறைக்கு வருகிறேன். வாய் சற்றுக் குறுகிய, வயிறு அகன்ற கண்ணாடிக் கோப்பையில் 60 முதல் 90 மில்லிலிட்டர் வரை ஊற்றினால் போதும். பீர் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது தொடங்கி, அது 15 டிகிரியை நெருங்கும்வரை அவசரப்படாமல் தொடருங்கள். கடுங்குளிர்ச்சி மணங்களை அடக்கிவிடும். பீரின் குளிர் தணியும்போதுதான் வனிலாவும் உலர்பழமும் ஆல்கஹாலின் காரமும் ஒவ்வொன்றாக வெளிவரும். முதல் முகர்தலைக் கோப்பையைச் சுழற்றாமலே செய்வது நல்லது, ஏனெனில் காபியின் நுண்மணங்கள் எளிதில் ஆவியாகிப் பறந்துவிடும். பின்னர் சுழற்றி முகர்ந்து, சிறிய மிடறு எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை வெளிவிடுங்கள். மணத்தில் பெரும்பகுதி அப்போதுதான் புலப்படும். ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவதுபோல் பீர் நடுவர்கள் பொதுவாகச் செய்வதில்லை. ஆகவே இத்தனை வலிமையான பீர்களை ஓர் அமர்வில் நான்கைந்துக்கு மேல் வைக்காதீர்கள். அதற்குப் பிறகு எழுதும் குறிப்புகளுக்கு மதிப்பில்லை. வலிமை குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்வதும், இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் எடுத்துக்கொள்வதும் உதவும்.

மதிப்பெண் அளிப்பதில் நான் முன்பு குறிப்பிட்ட அமைப்பின் அட்டை நல்ல துணை. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே ஒதுக்கியிருப்பது நியாயமானது. ஆல்கஹால் மிகுந்த பீரில் நுரை சீக்கிரம் அடங்குவது இயல்பு, அதைக் குறையாக எழுதக் கூடாது. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை, தொண்டையைச் சுடும் ஆல்கஹால், இறந்த ஈஸ்டிலிருந்து வரும் சோயா சாஸ் போன்ற சுவை ஆகியவற்றை மட்டும் தயங்காமல் குறை என்று குறியுங்கள்.

வலிமைக்கும் அரிதான தன்மைக்கும் மதிப்பெண் வாரிவழங்கும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இனிப்பும் கனமும் மிகுந்த பீர் முதல் மிடறில் எல்லாவற்றையும் வென்றுவிடும். ஐந்தாவது மிடறில் திகட்டும். பெயர்ச்சீட்டை மறைத்துச் சுவைத்து, கோப்பை முடியும் தறுவாயில் மறுபடி மதிப்பிட்டால் தரவரிசை மாறுவதைக் காண்பீர்கள். பீப்பாயும் காபியும் நீங்கலாக அடிப்படை ஸ்டவுட் இன்னும் வாயில் தெரிகிறதா என்பதே நான் கடைசியாகக் கேட்கும் கேள்வி.

மற்ற வலிமையான வகைகளுக்கு இந்த அளவுகோலை அப்படியே பொருத்த வேண்டாம். பெல்ஜியப் பாணியிலான குவாட்ரூப்பெல் என்ற வலிமையான பீர் சர்க்கரை சேர்த்து நொதிக்கவைக்கப்படுவதால், அதன் வலிமைக்கு எதிர்பார்ப்பதைவிட வாயில் உணரும் கனம் இலேசாக இருக்க வேண்டும். பால்டிக் போர்ட்டர் என்ற கருநிற பீரில் கருகல் சுவை கூடாது. பெயரில் ஒயின் இருந்தாலும் பீரேயான பார்லி ஒயின் ஆண்டுக்கணக்கில் நிலவறையில் கிடந்து மெருகேறும். காபி ஸ்டவுட்டை அப்படிச் சேமிக்காதீர்கள். இரண்டு புட்டிகள் கிடைத்தால் ஒன்றை உடனே திறந்து குறிப்பெழுதுங்கள். மற்றதை ஆறு மாதம் கழித்துத் திறந்து, காபி எவ்வளவு விலகியிருக்கிறது, பீப்பாய் எவ்வளவு முன்னே வந்திருக்கிறது என்று அதே தாளில் எழுதுங்கள். இரண்டு குறிப்புகளிலும் புட்டியில் அடைக்கப்பட்ட தேதி இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.