பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

"அண்ணே, வண்டி இழுக்கல. பம்ப் போயிடுச்சு போல." ரப்பர் செயினில் ஓடும் சின்ன லோடர் வைத்திருப்பவர்கள் போன் செய்தால், பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எது இழுக்கவில்லை? எல்லாமுமா, ஏதாவது ஒன்று மட்டுமா? அதற்குப் பதில் தெரியாமல் பம்ப்பில் ஸ்பேனரை வைக்கக் கூடாது.

இந்த லோடரின் மூத்த பங்காளி டயரில் ஓடும் ஸ்கிட் ஸ்டீயர். 1957-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு வான்கோழிப் பண்ணைக்காக, கொட்டகைக்குள்ளேயே திரும்பி எரு அள்ளும்படி கெல்லர் சகோதரர்கள் அதற்கு அடித்தளம் போட்டார்கள். அவர்கள் வண்டி கிளட்சில் ஓடியது. இன்றைய வண்டியில் செயினைச் சுற்றுவதும் பம்ப் அழுத்தி அனுப்பும் ஹைட்ராலிக் ஆயில்தான், பக்கெட்டைத் தூக்குவதும் ஆயில்தான். அதனால் கோளாறு வந்தால் குழப்பமும் அதிகம்.

ஒரே டேங்க் ஆயிலை இங்கே இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று ஓட்டம். இடது செயினுக்கு ஒரு பிஸ்டன் பம்ப், ஒரு மோட்டார். வலதுக்கு இன்னொரு ஜோடி. ஆயில் இவற்றுக்குள்ளேயே சுற்றி வரும். உள்ளே கசிந்து குறைவதைச் சார்ஜ் பம்ப் ஈடுகட்டும். இன்னொன்று வேலை. கியர் பம்ப், கண்ட்ரோல் வால்வு, பக்கெட்டைத் தூக்கும் கையான பூம், பக்கெட், முன்னால் மாட்டுகிற கல் உடைக்கும் பிரேக்கர் அல்லது குழி தோண்டும் ஆகர்.

ஓட்டம், வேலை இரண்டும் சேர்ந்து சோர்ந்துவிட்டால், இரண்டுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும். பூமை இறக்கி வைத்து, சமதரையில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் பால் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால், டேங்க்கிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்ஷன் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸில் விரிசல் விட்டிருக்கும். அங்கே ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணில் படாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் கத்தி, சூடேறியதும் அடங்கினால் சக்ஷன் வழியில் அடைப்பு இருக்கலாம். காலையில் நன்றாக இழுத்து, மதியம் சூடேறச் சூடேறச் சோர்ந்தால் உள்ளே தேய்மானம்; ஆயில் இளகியதும் இடுக்குகளில் நழுவுகிறது.

வண்டி அசையவே இல்லை என்றால் அது வேறு கதை. இந்த வண்டிகளில் பார்க்கிங் பிரேக்கை ஸ்பிரிங்தான் பிடித்து வைத்திருக்கும், ஆயில் அழுத்தம் வந்தால்தான் விடும். சார்ஜ் அழுத்தம் பல மாடல்களில் 20 முதல் 30 பார் இருக்கும். அது விழுந்துவிட்டால் பிரேக் விடாது. பம்ப், மோட்டார் எல்லாம் நன்றாக இருந்தாலும் வண்டி நகராது. அதற்கும் முன்னால் சீட் பார் சுவிட்சை, அதாவது ஓட்டுநர் மடிக்கு முன்னால் இறக்கும் பாதுகாப்புக் கம்பியின் சுவிட்சைப் பாருங்கள். மண் படிந்த ஒரு சுவிட்சுக்காகப் பம்ப்பை இறக்கி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு.

ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால் வேலை சுலபம். பக்கெட் நன்றாக வேலை செய்கிறது, பூம் மட்டும் தூக்கவில்லை என்று வையுங்கள். பூமைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, வால்வில் பூம் ஹோஸ்களையும் பக்கெட் ஹோஸ்களையும் இடம் மாற்றுங்கள். பூம் இப்போதும் தூக்கவில்லையா, சிலிண்டர் சீல் போயிருக்கிறது. பூம் தூக்கி, பக்கெட் சோர்கிறதா, குற்றம் வால்வில். லிவர்கள் மாறி வேலை செய்யும் என்பது நினைவிருக்கட்டும், பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது.

வண்டி ஒரு பக்கமாகவே போனால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் செயினைப் பாருங்கள். கிரீஸ் அடித்து அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம், ரோலர்களுக்கு நடுவே களிமண் இறுகியிருக்கலாம். இறுகிய செயின் அந்தப் பக்கத்து மோட்டாரின் பலத்தைத் தின்றுவிடும். இரண்டு செயினும் சமமாக இருந்தும் கோளாறு போகவில்லை என்றால், இரண்டு மோட்டார்களின் கேஸ் டிரெய்ன் ஆயிலையும், அதாவது உள்ளே கசிந்து தனி ஹோஸில் டேங்க்குக்குத் திரும்பும் ஆயிலையும் அளந்து பாருங்கள். அதிகமாகக் கொட்டும் பக்கம்தான் தேய்ந்த பக்கம்.

ஆயில் கொதிக்கிறது என்ற புகார் வெயில் காலத்தில் நிறைய வரும். கூலரில் தூசியும் வைக்கோலும் அடைத்திருக்கும். உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். அதோடு பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முன்னால் ஒன்றும் மாட்டாதபோதும், மாட்டும் கருவிக்கு ஆயில் அனுப்புகிற ஆக்சிலரி பட்டன் லாக்கில் நிற்கும். போக வழியில்லாத ஆயில், அழுத்தம் அளவை மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகவே ஓடி, அந்தப் பம்ப்புக்குப் போகும் எஞ்சின் சக்தி அத்தனையும் சூடாக மாறும். கருவியின் ஹோஸை இணைக்கும் குயிக் கப்ளர் முழுசாக மாட்டாமல் இருந்தாலும் இதே கதைதான்.

ரிலீஃப் வால்வு ஸ்குரூவை அரைச் சுற்று இறுக்கிப் பார்ப்பது நம் ஊரில் கை வைத்தியம் மாதிரி. எனக்கு அறவே பிடிக்காத பழக்கம். வேலை அழுத்தம் 200 பாருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 3,000 பி.எஸ்.ஐ. கேஜ் மாட்டாமல் அதைத் தொடுவது ஹோஸ் வெடிக்க நாள் குறிப்பது. ஊசித் துளை அளவு கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் வேண்டாம், அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஏறிய ஆயில் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம்.

இவ்வளவுக்கும் பிறகு பம்ப்தானா என்று உறுதி செய்ய, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். பித்தளை நிறத்தில் மினுக்கினால் பிஸ்டன் பம்ப் அல்லது மோட்டாரின் உள்பாகம் உரசுகிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்புத் தேய்மானம். கறுப்பு ரப்பர் துணுக்கானால் சீல் அல்லது ஹோஸின் உள்தோல்.

புதுப் பம்ப் மாட்டுவதானால் டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள், கூலரையும் ஹோஸ்களையும் சுத்தம் செய்யுங்கள். பழைய பம்ப்பின் தூள் புதியதையும் அரைத்துவிடும். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பம்ப் கேஸுக்குள் ஆயில் நிரப்ப மறக்க வேண்டாம். காய்ந்த பம்ப் முதல் நிமிடத்திலேயே கெட்டுவிடும். 50 மணி நேரம் ஓடியதும் ஃபில்டரை மாற்றி, அதையும் அறுத்துப் பாருங்கள்.

வணக்கம்.