சீருடை இல்லாமல் யாழ்ப்பாணத்துக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் மையம் இருப்பது பெங்களூர்வாசிகள் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து ஓய்வுபெற்று, இந்த நகரத்திலேயே வீடு கட்டிக்கொண்ட தமிழர்களில் நானும் ஒருவன். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போன எங்களுக்கு இப்போது அறுபது வயது கடந்துவிட்டது. எங்கள் படையைத் திருப்பி அழைத்துவந்த கடைசிக் கப்பல் 1990 மார்ச் மாதம் கிளம்பியது. யாழ்ப்பாணத்தை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்று நண்பர்கள் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். போய்வந்தவன் என்ற முறையில் அவர்களோடு பேச வந்திருக்கிறேன்.

சுற்றுலா நிறுவனத்தின் பஸ்ஸில் போகாதீர்கள். நல்லூர், நயினாதீவு, கடற்கரை என்று மணிக்கணக்குப் பார்த்து ஓடும் பயணம் அது. உரும்பிராயிலோ மருதனார்மடத்திலோ ஒரு பெரியவர் உங்களை உட்காரச் சொல்லி, தேநீர் தந்து, பழைய கதையைத் தொடங்கினால், எழுந்து போகவேண்டிய அவசரம் உங்களுக்கு இருக்கக்கூடாது. வீட்டோடு சேர்ந்த சிறிய விடுதியில் அறை எடுங்கள். எந்த வேலையும் வைக்காத மாலைப் பொழுதுகளை முன்பே ஒதுக்குங்கள்.

வழி இப்போது எளிது. நாம் காவல் காத்த பலாலி, 2019 முதல் பன்னாட்டு விமான நிலையம். சென்னையிலிருந்து அங்கு நேரடி விமானம் போகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023இல் தொடங்கியது. மழைக்காலத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது கொழும்பு கோட்டை நிலையத்தில் ஏறும் ரயில். போரால் நின்ற அந்தப் பாதை 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாணம்வரை திறந்தது. வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று ஒவ்வொரு பெயராகக் கடக்கும்போது மனம் தன்னைத் தயார் செய்துகொள்ள நேரம் கிடைக்கிறது. இணையவழிப் பயண அனுமதியைப் புறப்படும் முன்பே பெற்றுவிடுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு பட்டியல்களைப் படியுங்கள். ஒன்று நம்முடையது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் இறந்தார்கள். பம்பாயில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று உயிர் கொடுத்துப் பரம்வீர் சக்ரா பெற்றார். இந்தப் பட்டியல் நமக்கு மனப்பாடம். மற்றது யாழ்ப்பாணத்து மக்களுடையது. அதே ஆண்டு அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நம் படையினர் நுழைந்தபோது மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். அங்கே ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். நான் அங்கே இல்லை, என் யூனிட் வேறு என்று சொல்லத் தோன்றும். அந்தப் பதில் அவர்களுக்கு எதற்கும் உதவாது. சிங்களமும் ஆங்கிலமும் தேவைப்படாமல், தங்கள் மொழியிலேயே கேள்வி கேட்கக்கூடிய இந்தியச் சிப்பாய்களாக நாம் அவர்களுக்கு இருந்தோம். இன்றும் அப்படியே இருக்கிறோம். முன்பு வந்திருக்கிறீர்களா ஐயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். எப்போது என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கும் உண்மையைச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் பேசட்டும். குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள்.

விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகளைத் தேடிப் போகவேண்டாம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தும், வெளிநாட்டவர் வந்துபோன வீட்டை விசாரிக்க ஆள் வரக்கூடும். நமக்கு அது ஒரு மாலைச் சந்திப்பு, அவர்களுக்குத் தொல்லை. படைப்பிரிவுச் சின்னம் போட்ட சட்டை, தொப்பி எதுவும் பெட்டியில் வேண்டாம். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். முகமாலைப் பக்கம் சிவப்புப் பலகை கண்டால் பாதையை விட்டு ஓரடியும் இறங்காதீர்கள். கண்ணிவெடி எடுத்தவர்கள் நாம் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய துணிச்சல் இந்த வயதில் காலுக்கு ஆபத்து.

தனியாகவும் போகவேண்டாம். மனைவியையோ வளர்ந்த பிள்ளையையோ அழைத்துச் செல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் வீட்டில் சொல்லாமல் விட்டவற்றைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். இரவில் நீங்கள் தூங்காமல் எழுந்து உட்கார்ந்தால் அவர்கள் பயப்படாமல் இருக்க அது தேவை. தூக்கத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் பயணத்தின் காரணத்தையும் சொல்லுங்கள்.

எந்த மாதம் என்று கேட்பீர்கள். பிப்ரவரி, மார்ச் நல்லது. நவம்பர் இறுதி வேண்டாம். மழையும் பிடித்துக்கொள்ளும், அது அங்கே மாவீரர்களுக்கு, அதாவது போரில் இறந்த புலிகளுக்கு, விளக்கேற்றும் நேரம், நாம் அங்கு இருக்கக்கூடாது. ஜூலை, ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழா. அறை கிடைப்பது கடினம். பலாலியில் நம் வீரர்களுக்கான நினைவுத்தூண் ராணுவப் பகுதிக்குள் இருப்பதால், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். திரும்பும் வழியில் கொழும்பை அடுத்த ஸ்ரீஜயவர்தனபுரக் கோட்டையில், பாராளுமன்றத்துக்கு அருகே நம்மவர் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. உங்கள் தோழரின் முழுப் பெயரையும் படைப்பிரிவையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெயர்கள் நிறைய இருக்கின்றன, தேட நேரம் பிடிக்கும்.

நன்றி, வணக்கம்.